முதல் திங்கட்கிழமைச் சங்கு

லூபெக்,
22 ஏப்ரல் 2024

அன்புத் தோழி குன்வோருக்கு,

நான் நலம். நீயும் உன் முழங்காலும் நலந்தானே? ஃபோன் செய்தால் நீ எடுக்கப்போவதில்லை. நாற்பது வருஷமாக எடுத்ததில்லை. அதனால் கிறிஸ்துமஸுக்கு மட்டும் எழுதுகிறவள் இந்தத் தடவை ஏப்ரலிலேயே பேனாவை எடுத்திருக்கிறேன். உட்கார்ந்து படி.

நான் அங்கே வருகிறேன். எழுபத்தைந்தாம் பிறந்த நாளுக்கு மகள் மலின் எனக்கு உல்லாசக் கப்பலில் பத்து நாள் பயணம் ஏற்பாடு செய்திருக்கிறாள். கீலில் ஏறி பால்டிக் கடலைச் சுற்றி மறுபடி கீலில் இறங்க வேண்டும். நான்காம் நாள் எங்கே நிற்கிறது என்று பட்டியலைப் பார்த்தால், ‘யார்ன்விக், எழில்மிகு ஸ்வீடிஷ் கடற்கரை நகரம்’ என்று போட்டிருக்கிறார்கள். படித்துவிட்டுச் சிரித்ததில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. எழிலாம்! துணி காயப்போடுவதற்கு முன்னால் இரும்பாலைத் தூசிக்குப் பயந்து விரலை நனைத்துக் காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கிற ஊர் நம்முடையது.

அப்புறம்தான் தேதியைப் பார்த்தேன். ஜூன் 3, திங்கட்கிழமை. மாதத்தின் முதல் திங்கள்.

மலினுக்கு அது புரியவில்லை. ஐந்து வயதில் ஊரை விட்டு வந்தவளுக்கு என்ன தெரியும்? மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் இந்த நான்கு மாதங்களிலும் முதல் திங்களன்று மூன்று மணிக்கு நாடு முழுக்க அபாயச் சங்கை ஊதிச் சோதிப்பார்கள், அதைக் கேட்டு ஒருத்தரும் தலையைக்கூடத் தூக்கமாட்டார்கள் என்று சொன்னேன். அப்படி ஒரு திங்கட்கிழமை மூன்று மணிக்குத்தான் அவள் அப்பா ரூனே செத்தான் என்பதையும் சொன்னேன். பயணத்தை மாற்றிவிடலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

காலை எட்டுக்குக் கப்பல் வரும். நாலரைக்குள் திரும்பி ஏற வேண்டும். அந்த எட்டரை மணி நேரமும் உன்னோடுதான். மூன்று மணிக்கு நீ என் பக்கத்தில் இருக்க வேண்டும். பயமாகத்தான் இருக்கிறது. அந்தச் சத்தத்துக்குப் பயந்துதானே ஊரையே விட்டேன்.

அன்புடன்,
மய்லிஸ்


யார்ன்விக்,
2 மே 2024

அன்புள்ள மய்லிஸ்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே தபால்காரர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வருகிறார், வந்தாலும் விளம்பரக் காகிதம்தான் கொண்டுவருகிறார். உன் கையெழுத்தைப் பார்த்ததும் மலினுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பதறிப்போனேன்.

நீ வருவதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நடைமுறையை யோசி. ஆலைக்குக் கரி இறக்குகிற கரித்துறையில்தான் கப்பலைக் கட்டுவார்கள், அவ்வளவு பெரிய கப்பலுக்கு வேறு எங்கே ஆழம் இருக்கிறது? துறைக்குள் நடக்க விடமாட்டார்கள். வேலிக்குள்ளிருந்து பேருந்தில் ஏற்றிக் கடைத்தெருவில் இறக்கிவிடுவார்கள். அங்கே என்ன இருக்கிறது? இரண்டு மளிகைக் கடை, ஒரு மூக்குக் கண்ணாடிக் கடை, நாலு மேளக்காரர்கள். போன வருஷம் ஒரு அமெரிக்கக் கிழவர் என்னிடம் “ஊர் எங்கம்மா இருக்கு?” என்று கேட்டார். “ஊருக்கு நடுவுலதான் நிக்கிறீங்க” என்றேன். பாவம், அவர் முகம் வாடிவிட்டது.

ஆமாம், நான் வரவேற்புக் குழுவில் இருக்கிறேன். மஞ்சள் மேல்சட்டை, கையில் வரைபடம். நூலகத்திலிருந்து ஓய்வு பெற்றபிறகு வேறு என்ன செய்வது? ஆகையால் அன்றைக்கு உன்னோடு முழுநேரமும் இருக்கவும் முடியாது. கப்பலிலிருந்து கோட்டை பார்க்க ஒரு சுற்றுலா போகிறது. ஏழு மணி நேரம், மதியச் சாப்பாடு உண்டு. அதில் போய்விடு. மூன்று மணிக்கு நீ சங்குச் சத்தம் எட்டாத காட்டுக்குள் இருப்பாய். மாலையில் பேருந்து நிற்கும் இடத்தில் உன்னைக் கட்டிப்பிடித்து வழியனுப்புகிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது, மய்லிஸ். உன் உடம்புக்கு, உன் மனசுக்கு என்றெல்லாம் எழுதலாம். எழுதினால் பாதிப் பொய். எனக்காகவும் பயமாக இருக்கிறது. தயவுசெய்து கோட்டைக்குப் போ.

உன்,
குன்வோர்


லூபெக்,
13 மே 2024

அன்புள்ள குன்வோர்,

கோட்டையாவது கத்தரிக்காயாவது. நான் கோட்டை பார்க்கவா வருகிறேன்?

உனக்கு என்னடி பயம்? ரூனே போன பிறகு ஐந்து மாதம் தினமும் என் அடுப்படியில் நின்றவள் நீ. மலினுக்குப் பின்னல் போட்டுப் பள்ளிக்கு அனுப்பியவள் நீ. உன்னைப் பார்க்காமல் அந்த ஊரில் வேறு யாரைப் பார்ப்பேன்?

எனக்கு ஒன்று மட்டும் தெரிந்தால் போதும். விசாரணை அறிக்கையில் எழுதியிருந்த வரி உனக்கு நினைவிருக்கும். எனக்கு மனப்பாடம். ‘இறந்தவர் எச்சரிக்கைச் சங்கை அலட்சியம் செய்து காபி அருந்தியபடி அறையிலேயே இருந்துள்ளார்.’ அலட்சியம்! ரூனேயா? வெளியே கிளம்பினால் அடுப்பை அணைத்தோமா என்று மூன்று தடவை திரும்பிப்போய்ப் பார்க்கிறவன். நான் கேலி செய்வேனே, உனக்குத் தெரியாதா? அப்படிப்பட்டவன் அன்றைக்கு மட்டும் எப்படி உட்கார்ந்திருந்தான்? நாற்பது வருஷமாக அவன்மேல் கோபம், குன்வோர். துக்கம் எப்போதோ தீர்ந்துவிட்டது, கோபம் தீரவில்லை. ‘அப்பா ஏன் அஜாக்கிரதையா இருந்தார்?’ என்று மலின் கேட்டபோதெல்லாம் நான் ‘அவன் அப்படித்தான்’ என்று சொல்லி வளர்த்தேன். அது உண்மை இல்லை என்று எனக்கே தெரியும்.

அவன் செத்த அந்தத் துறையில் நின்று, அந்தச் சங்கைக் கேட்டு, அவனிடம் அதைக் கேட்கப்போகிறேன். பைத்தியம் என்று நினைத்துக்கொள். மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு தயாராக இரு.

அன்புடன்,
மய்லிஸ்

பி.கு: முப்பதாம் தேதி காலையிலேயே கீலுக்குக் கிளம்பிவிடுவேன். பதில் எழுதுவதானால் சீக்கிரம் எழுது.


யார்ன்விக்,
24 மே 2024

மய்லிஸ்,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டு நான்காவதாக எழுதுகிறேன். இதையும் படித்துப் பார்த்தால் கிழித்துவிடுவேன், அதனால் படிக்காமல் ஒட்டப்போகிறேன்.

1984 செப்டம்பர் 3. மூன்று மணிக்கு மூன்று நிமிடம் இருந்தது. அப்போது எனக்கு ஆலையின் தொலைபேசி இணைப்பகத்தில்தானே வேலை, இணைப்புப் பலகை முன்னால் உட்கார்ந்திருந்தேன். சங்கு ஊதியது. எல்லோரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தோம். நகராட்சிக்காரர்கள் இன்றைக்குக் கொஞ்சம் முந்திவிட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். சிரித்தோம். அந்த ஒரு நாளில் சங்குக்குப் பயப்படக் கூடாது என்று குழந்தையிலிருந்தே பழகியவர்கள் நாம். ஊருக்குப் புதிதாக வந்தவன் ஒருவன் இருந்திருந்தால் அவனாவது ஓடியிருப்பான்.

என் பலகையில் விளக்கு எரிந்தது. கரித்துறை அறை. ரூனே.

“குன்வோர், இது டவுன் சங்கா, நம்ம ஆலைச் சங்கா? மணி இன்னும் மூணு ஆகலயே.”

“முதல் திங்கக்கிழமை, ரூனே. சும்மா டெஸ்ட்தான். போய்க் காபியக் குடி, ஆறிடும்.”

“சரி சரி. கேட்டு வெச்சிக்கிட்டேன், அவ்ளோதான். வீட்ல சொல்லிடாத, மய்லிஸ் சிரிப்பா.”

வைத்துவிட்டான். அது ஆலைச் சங்கு. அவன் அறைப் பக்கத்து வாயுக் குழாய் உடைந்திருந்தது. அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது என்பது உனக்கே தெரியும். மூன்று மணிக்கு நகராட்சிச் சங்கும் சேர்ந்துகொண்டது. நான் சொன்னது சரிதான் என்று நினைத்து என் காபியை எடுத்தேன்.

விசாரணையில் நாலு பேர் மேஜைக்கு அந்தப் பக்கம். கரித்துறையிலிருந்து யாராவது கூப்பிட்டார்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, பயத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஆலைக்குள்ளேயே போய்வந்த அழைப்புகளுக்குப் பதிவு எதுவும் கிடையாது. மறுநாள் மாற்றிச் சொல்லலாம் என்று இருந்தேன். மறுநாள் உன் வீட்டில் சூப் காய்ச்சிக்கொண்டிருந்தேன். நீ என் தோளில் சாய்ந்து அழுதாய். அதற்குப் பிறகு எந்த நாளில் சொல்வது?

அலட்சியம் செய்தது அவன் இல்லை. அவன் கேட்டான். நான்தான் உட்காரச் சொன்னேன். அன்றையிலிருந்து மணி அடித்தால் என்னால் ஃபோனை எடுக்க முடிவதில்லை.

இப்போது நீ முடிவு செய். மூன்றாம் தேதி காலையில் கடைத்தெருவில் பேருந்து நிற்கும் இடத்தில் நிற்பேன். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் கப்பலை விட்டு இறங்காதே. எனக்குப் புரிந்துவிடும். இறங்கி வந்தால், எதுவும் பேச வேண்டாம். நீ வந்ததே போதும்.

குன்வோர்


கப்பலில்,
3 ஜூன் 2024, மாலை

என் அருமைக் குன்வோர்,

மேல்தளத்தில் போர்வையைச் சுற்றிக்கொண்டு எழுதுகிறேன். உன் ஊர் இரும்பாலையின் ஊதுலைக் கோபுரம் இன்னும் தெரிகிறது. நாளைக்கு இறங்குகிற ஊரில் இதைத் தபாலில் போடுவேன்.

என்ன ஒரு நாளடி! காலையில் பேருந்திலிருந்து இறங்கினேன், மஞ்சள் சட்டையில் நீ நடுங்கிக்கொண்டு நின்றாய். குளிர் என்று நினைத்தேன். என்னைப் பார்த்ததும் “வந்துட்டியா, நிஜமாவே வந்துட்டியா?” என்று அழுதாய் பார், மேளக்காரர்கள் வாசிப்பதையே நிறுத்திவிட்டார்கள். அவர்களுக்கு அந்த ஒரு பாட்டுதான் தெரியும்போல, அப்புறமும் அதையேதான் வாசித்தார்கள்.

உன் வீட்டு ருபார்ப் கேக் இன்னும் நாக்கில் இருக்கிறது. ஜன்னல் விளிம்பில் அதே செந்தூசி. விரலால் தடவிப் பார்த்தேன், நீ வெட்கப்பட்டாய். மீன் கடையில் நின்றது, ரூனே கல்லறையில் லைலாக் பூ வைத்தது, எல்லாம் நல்லபடியாக நடந்தது. துறை வேலியருகே போனபோது மட்டும் நீ நாலடி பின்னாலேயே நின்றுவிட்டாய். கரித்துறை அறை இருந்த இடத்தில் இப்போது கப்பல் பயணிகளின் பெட்டியைச் சோதிக்கிற கூடாரம். அங்கே நின்று ரூனேயிடம் கேட்டேன். பதில் வரவில்லை. வந்திருந்தால்தான் ஆச்சரியம்.

மூன்று மணிக்கு நீ செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ‘மூன்று மணிக்குச் சங்கு ஊதும், வெறும் சோதனை, பயப்பட வேண்டாம்’ என்று அச்சடித்த துண்டுச்சீட்டு நூறு, நகராட்சி உன்னிடம் கொடுத்ததாம். உன் கைப்பையில் நூறும் அப்படியே கட்டாக இருந்ததைப் பார்த்தேனே! சங்கு ஊதியது. நம் ஊர்க்காரர்கள் ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் கப்பலில் வந்த அந்தப் பவேரியக் கிழவர் மட்டும் உன்னிடம் ஓடிவந்து, இது சோதனைதானே என்று கேட்டார். உன் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. “எனக்குத் தெரியாது. உள்ள வாங்க. எல்லாரும் உள்ள வாங்க” என்றாய். இருபது பேரை நூலகத்துக்குள் தள்ளி, கதவைச் சாத்தி, ஜன்னல்களையெல்லாம் நீயே மூடினாய். வெளியே ஊரே கண்ணாடி வழியாக நம்மைப் பார்த்துச் சிரித்தது. அபாயம் நீங்கியது என்கிற நீளமான ஊதல் வரும்வரை என் கையை விடவே இல்லை. என் விரல் சிவந்துவிட்டது.

எனக்கு நாற்பது வருஷப் பயம் அந்தக் கையில் போய்விட்டது. சத்தியமாகச் சொல்கிறேன். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. பேருந்தில் ஏறும்போது, “அதையெல்லாம் படிச்சிட்டும் வந்தியே, போதும்டி” என்றாய். எதைப் படித்துவிட்டு? காற்று அடித்த அடியில் தலையை மட்டும் ஆட்டிவிட்டேன். உன் பதில் எதுவும் கிளம்பும்வரை எனக்கு வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் சேர்ந்திருக்கும். கோட்டைக்குப் போகச் சொல்லி இன்னொரு புலம்பலாக இருக்கும், வேறென்ன? போய்ப் படித்துக்கொள்கிறேன்.

முத்தங்களுடன்,
உன் மய்லிஸ்


யார்ன்விக்,
4 ஜூன் 2024

என் மய்லிஸ்,

நன்றி என்ற வார்த்தையை எழுதிவிட்டு ஒரு மணி நேரமாக அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கப்பலிலிருந்து வந்த முதல் பேருந்தில் நீ இல்லை. இரண்டாவதிலும் இல்லை. சரி, நியாயம்தான், என் தண்டனை இதுதான் என்று நினைத்துக்கொண்டு பயணிகளுக்கு வரைபடம் கொடுத்தேன். மூன்றாவது பேருந்தில் உன் சிவப்புத் தொப்பி தெரிந்தது. அந்த நிமிடம் எனக்கு என்ன ஆனது என்று உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

நாள் முழுக்க எப்போது கேட்பாய் என்று பயந்துகொண்டே இருந்தேன். கேக் சாப்பிடும்போது கேட்பாய் என்று நினைத்தேன், கல்லறையில் கேட்பாய் என்று நினைத்தேன். வேலியருகே நீ உதட்டை அசைத்தாய், என்னைச் சபிக்கிறாய் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை நீ. நூலகத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். எல்லாம் தெரிந்த பிறகும் கொலைகாரியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க உன்னால்தான் முடியும்.

நேற்று நாற்பது வருஷத்துக்குப் பிறகு ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கினேன். காலையில் மெத்தையெல்லாம் தூசி. பரவாயில்லை.

என்றென்றும் உன்,
குன்வோர்


யார்ன்விக்,
13 ஜூன் 2024

மய்லிஸ்,

நீ கப்பலில் எழுதிய கடிதம் இன்றைக்குத்தான் வந்தது.

நீ அதைப் படித்திருக்கவே இல்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தபால் என்று எனக்குத் தெரியாதா? அதை எழுதிய பிறகு, மே 27 திங்கட்கிழமை வரை கையில் வைத்திருந்துவிட்டுத்தான் பெட்டியில் போட்டேன். ஏன் வைத்திருந்தேன் என்று நீ கேட்பாய். பயத்தில்தான்.

அந்த நாளை உன்னிடமிருந்து நான் திருடிவிட்டேன். எனக்கு வேறு சொல் கிடைக்கவில்லை. இப்போது வீட்டில் ஃபோன் மணி அடிக்கிறது. யார் என்று தெரியவில்லை. எடுக்க முடியவில்லை.

குன்வோர்


லூபெக்,
20 ஜூன் 2024

குன்வோர்,

ஒன்பதாம் தேதி வீட்டுக்கு வந்தேன். உன் கடிதம் காத்திருந்தது. மறுநாள் இரண்டாவதும் வந்தது. பதின்மூன்றாம் தேதி உன்னைக் கூப்பிட்டது நான்தான். இருபது தடவை அடித்தது. வைத்துவிட்டேன்.

நீ நினைத்தது மன்னிப்பு இல்லை. எனக்குத் தெரியாது, அவ்வளவுதான். தெரிந்திருந்தால் இறங்கியிருப்பேனா என்று பத்து நாளாக யோசிக்கிறேன். இறங்கியிருக்கமாட்டேன். ஆனால் கொடுத்த கையைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழியில்லை. அது உன்னிடம் இருக்கட்டும்.

கோபம் இருக்கிறது. நீ டெஸ்ட் என்று சொன்னதற்கு இல்லை. அன்றைக்கு அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். நம் ஊரில் பிறந்த யாரும் சொல்லியிருப்பார்கள். அதற்கு அப்புறம் நீ இல்லை என்று சொன்னாயே, அதற்குத்தான் கோபம். என் அடுப்படியில் நின்றுகொண்டு, அவனை நான் திட்டுவதைக் கேட்டுக்கொண்டே சூப்பைக் கிளறினாயே. அவன் பெயரை மீட்டுக் கொடுக்க உனக்கு ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

மலினுக்கு உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். ‘கேட்டு வெச்சிக்கிட்டேன், அவ்ளோதான்’ என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள். அந்த வரியை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னாள். நாற்பத்தைந்து வயதில் அப்பாவின் குரலை முதல் தடவையாகக் கேட்கிறவள்போல உட்கார்ந்திருந்தாள். “அப்பா கேட்டிருக்கார்மா” என்றாள். அன்று இரண்டு பேரும் அவனிடம் மன்னிப்புக் கேட்டோம்.

நீ செய்ய வேண்டியது இரண்டு. நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டு ஆலைக்கும், அந்த அறிக்கையை வைத்திருக்கிற காப்பகத்துக்கும் அனுப்பு. ஒரு பிரதி மலினுக்கு. ‘அலட்சியம்’ என்ற சொல் அவன் பெயருக்குப் பக்கத்தில் இனி இருக்கக் கூடாது.

இரண்டாவது. செப்டம்பர் 2, திங்கட்கிழமை. மூன்று மணிக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது உன்னை ஃபோனில் கூப்பிடுவேன். ரூனே கேட்டதையே கேட்பேன். உனக்குப் பயமாக இருக்கும், எனக்கும்தான். இந்தத் தடவை எடு. எடுத்து, அவனிடம் நீ சொல்லியிருக்க வேண்டியதை என்னிடம் சொல்.

மய்லிஸ்